கோட்டுப் போட்ட படம்

மேல வைக்க வேணாம் தம்பி, மடியிலயே இருக்கட்டும். கண்ணாடி போட்டது. ரோடு நல்லாத்தான் இருக்குது, ஆனா எங்கயாச்சும் ஒரு பள்ளத்துல எறக்கினான்னா போச்சு. உங்க முட்டியில இடிக்குதா? இப்படித் திருப்பிக்கிறேன். ஆங், இப்ப சரி.

படந்தான். நேத்து அந்தச் சித்திரச் சந்தைக்கு நீங்களும் போயிருந்தீங்களா? கையில குழாய் மாதிரி சுருட்டி வெச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். என்ன வாங்கினீங்க? புத்தரா? நெனச்சேன். நான் வாங்கல தம்பி, எனக்குக் குடுத்தாங்க. என் பையன் படம்.

இல்ல, அவன் வரையல. அவனை வரைஞ்சது. அவன் இப்ப இல்ல. கார்த்திகையில போயிட்டான். வண்டியில போயிட்டிருந்தான், லாரி அடிச்சுடுச்சு. ஐயையோன்னு எல்லாம் சொல்லாதீங்க, பரவாயில்ல. எல்லாரும் சொல்லி முடிச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. சாப்பிடுறேன், தூங்குறேன், கடைக்குப் போறேன். பல்லு புடுங்க ஊசி போட்டா ஒரு பக்கம் மரத்துப் போயிக் கெடக்குமே, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்குது. வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு டாக்டர் சொல்வாரு. எனக்கு இன்னும் ஆகல.

நான் அரூர். தர்மபுரியில எறங்கி வேற பஸ் புடிக்கணும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஃப்ளெக்ஸ் பேனர் கடை வெச்சிருக்கேன். பூவரசன் டிஜிட்டல்ஸ். பையன் பேருதான் கடைக்கு. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரங்க பொறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்போம். கல்யாணத்துக்கு சீசன் உண்டு, அஞ்சலிக்கு சீசன் கிடையாது. அதுலதான் பொழப்பு ஓடுது.

அஞ்சலி பேனர்ல ஒரு சங்கடம் என்னன்னா, வீட்டுக்காரங்க கிட்ட போட்டோவே இருக்காது. உசுரோட இருக்கும்போது எவன் எடுக்கிறான்? ஆதார் கார்டைக் கொண்டாருவாங்க. ரேஷன் கார்டைக் கொண்டாருவாங்க. சில பேரு செத்தப்புறம் செல்போன்ல எடுத்துட்டு வருவாங்க, அதுல கண்ணு மூடியிருக்கும், நாங்க தொறந்து குடுப்போம். எதைக் கொண்டாந்தாலும் அதுல மூஞ்சிதான் இருக்கும் தம்பி, ஒடம்பு இருக்காது. ஒடம்பை நாங்க குடுக்கணும். அதுக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர், 'கோட்டு பாடி'ன்னு பேரு. கறுப்புக் கோட்டு, நீலக் கோட்டு, டை கட்டினது, கட்டாதது. மூஞ்சிய வெட்டி கழுத்துல ஒட்டிட வேண்டியதுதான். ஆடு மேய்ச்சவரு, மரம் ஏறினவரு, சட்டையே போடாம வாழ்ந்தவரு, எல்லாருக்கும் கோட்டுதான். பசங்களே கேப்பாங்க, 'அண்ணா, எங்கப்பாவுக்குக் கோட்டுப் போட்டு விடுங்கண்ணா'ன்னு. போட்டு விடுவோம். கொஞ்சம் கலர் ஏத்துவோம். கோணப் பல்லு இருந்தா நேராக்குவோம். செத்தவருக்கு அந்த மரியாதை கூட இல்லன்னா எப்படி?

என் பையனுக்கும் நான்தான் அடிச்சேன். வேற யாரு அடிப்பா? பொணம் பெங்களூர்ல இருந்து வர்றதுக்குள்ள பேனர் கட்டணும்ல. வேலைக்கு மனு போட எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. எடுத்தேன், வெட்டினேன், ஃபோல்டரைத் தொறந்தேன், நீலக் கோட்டு ஒட்டினேன். கலர் ஏத்தினேன், பல்லை சரி பண்ணேன். தோற்றம், மறைவு ரெண்டு தேதியும் போட்டேன். கீழ எங்க கடைப் பேரும் செல் நம்பரும் போட்டேன். எந்த பேனரா இருந்தாலும் கீழ போடுவோம், கை அதும்பாட்டுக்குப் போட்டுடுச்சு. மேலயும் பூவரசன், கீழயும் பூவரசன். கட்டினப்புறம் கீழ நின்னு பாத்தேன், வேலை சுத்தமா இருந்துச்சு. அழுகை வரல. மொதல்ல எல்லாரும் அதிர்ச்சின்னாங்க. அப்புறம் கல்நெஞ்சுன்னாங்க.

காரியம் முடிஞ்சு, அதே படத்தை ஃபிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். என் சம்சாரம் அலமேலு வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. 'யாருய்யா இது?'ன்னா.

கல்யாணம் ஆனதுல இருந்து என்னை அவ 'யா' போட்டுப் பேசினது அன்னிக்குத்தான். 'என்னடி கேள்வி இது'ன்னேன்.

'எம்புள்ள கறுப்பு, இவன் செவப்பு. எம்புள்ளைக்கு தெத்துப்பல்லு, இவனுக்குப் பல்லு வரிசையா இருக்குது. எம்புள்ள பொறந்ததுல இருந்து கோட்டுப் போட்டதில்ல. எவனையோ கொண்டாந்து எங்கிட்டக் குடுத்து எம்புள்ளன்னு சொல்றியே, நல்லாருப்பியாய்யா நீ?'ன்னா.

படத்தை செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டா. அதுல இருந்து எங்கூட சரியாப் பேச்சே இல்ல. சோறு போடுவா, தண்ணி வெப்பா. நான் ஏதாச்சும் கேட்டா செவுத்தப் பாத்து பதில் சொல்லுவா.

இப்ப பொங்கல் வருதுங்களா. எங்க வீட்டுல போகி அன்னிக்கு செத்தவங்களுக்குப் படையல் போடுவோம். படத்துக்கு முன்னாடி எலை விரிச்சு, புதுத்துணி வெச்சு, அவங்களுக்குப் புடிச்சதை ஆக்கிப் போட்டு, 'வந்து சாப்பிடு சாமி'ன்னு கும்புடுவோம். அவனுக்கு இது மொத வருஷம். அதுக்கு என்ன பண்றதுன்னு போன வாரம் கேட்டேன். 'எவனுக்கோ நான் சோறு போட மாட்டேன். எம்புள்ளையக் கொண்டாங்க, படைக்கிறேன்'னு சொல்லிட்டா. ஒரே பேச்சு. செத்த மொத வருஷம் புள்ளைய பசியோட வாசல்ல நிக்க வெக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. அதுக்குத்தான் தம்பி வந்தேன். ஊர் சுத்திப் பாக்க வரல.

வேற போட்டோ இல்லியான்னு நீங்களும் கேப்பீங்க. அவன் செல்போன் லாரிக்கு அடியிலயே போச்சு. இன்ஸ்டாவுல பாத்தாச்சு, அதுல டீ கிளாசு, நாய்க்குட்டி, மழைன்னு போட்டிருக்கானே தவிர அவன் மூஞ்சி எங்கயும் இல்ல. வீட்டுல இருக்கறது பூரா சின்னப் புள்ளைல எடுத்தது. பேனர் அடிக்கிறவன் வீட்டுல போட்டோ இல்லன்னா சிரிப்பாங்க. ஆனா இல்ல.

பெங்களூர்ல அவங்கூட ரூம்ல இருந்தவன் நவாஸு, ஆம்பூர்ப் பையன். தங்கமான பையன். ஞாயித்துக்கெழம காலைல போய் எறங்கினேன், பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டான். என் பையன் துணிமணியை எல்லாம் மடிச்சு ஒரு பையில போட்டு கையோட கொண்டாந்திருந்தான். சட்டை, பேண்ட்டு, ஒரு போர்வை. நீலக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு மேலயே இருந்துச்சு, தீபாவளிக்கு வந்தப்ப கூட அதைத்தான் போட்டிருந்தான். 'போட்டோ ஏதாச்சும் இருக்காப்பா'ன்னேன். 'இவன் போட்டோன்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவான் அங்கிள். ஆனா பவித்ராகிட்ட இருக்கும். அவ முன்னாடிதான் அசையாம உக்காருவான்'னான். 'யாருப்பா பவித்ரா?' 'படம் வரையறவ, அங்கிள். இன்னிக்கு சந்தையில கடை போட்டிருக்கா.'

அந்தச் சந்தையை என்னன்னு சொல்றது? வருஷத்துக்கு ஒரு நாளாமே. ரோட்டையே அடைச்சுட்டு, ரெண்டு பக்கமும் படம். மரத்துல சாய்ச்சு வெச்சிருக்காங்க, கம்பி வேலியில கயிறு கட்டி மாட்டியிருக்காங்க, கீழ துணி விரிச்சுப் பரப்பியிருக்காங்க. குதிரை ஓடுது, புள்ளையாரு உக்காந்திருக்காரு, மழையில குடை புடிச்சுக்கிட்டு பொம்பளைங்க போறாங்க. எங்க பாத்தாலும் புத்தரு. எல்லாப் படத்துலயும் கண்ணை மூடிட்டு இருக்காரு. எங்க கடைக்கு வந்தா தொறந்துல்ல குடுத்திருப்போம்! சிரிங்க தம்பி, பரவாயில்ல. ஆனா ஒண்ணு. அத்தனை படமும் கையால வரைஞ்சது. ஒரு படம் வரையற நேரத்துல நாங்க அம்பது பேனர் அடிச்சு கட்டிட்டு வந்துடுவோம்.

அந்தப் பொண்ணு மரத்தடியில ரெண்டு ஸ்டூல் போட்டு உக்காந்திருந்துச்சு. ஆளுங்களை எதிர்ல உக்கார வெச்சு கரியில வரைஞ்சு குடுக்குது. நவாஸு போய் என்னமோ சொன்னான். வரைஞ்சுக்கிட்டிருந்ததை அப்படியே விட்டுட்டு எழுந்து வந்து, பொசுக்குன்னு என் கால்ல விழுந்துடுச்சு. என் செருப்பெல்லாம் கரி. படம் வரையறவங்க ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க தம்பி. முன்னப் பின்ன தெரியாத ஆளுகிட்ட யாரு இப்படி நடந்துக்குவா?

கன்னடத்துப் பொண்ணு. ஆனா தமிழ் பேசுது. அதுவும் எங்க அரூர்த் தமிழ்! 'வாங்க அப்பா, எப்ப வந்தீங்க, ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டீங்க'ன்னு. என்னை எப்பப் பாத்துச்சு எளைச்சேன்னு சொல்றதுக்கு? டி.வி. பாத்துப் பேசக் கத்துக்கிட்டிருக்கும் போல. அப்புறம் கேட்டுச்சு, 'அம்மா இந்த வருஷம் பிதுக்குப் பருப்புக் கொழம்பு வெச்சாங்களா?'ன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நவாஸு சொல்லியிருப்பான். ரூம்ல பசங்க சோத்தைப் பத்தித்தானே பேசிக்குவாங்க.

'வெக்கல'ன்னேன்.

படம் இருக்காம்மான்னேன். ஒரு அட்டைப் பெட்டியில இருந்து கத்தையா எடுத்துச்சு. எனக்கு மனசு லேசாச்சு, இவ்வளவு இருக்குதேன்னு. ஒண்ணொண்ணாப் பாத்தா, ஒண்ணுல காது. வெறும் காது மட்டும். ஒண்ணுல கை, டீ கிளாசைப் புடிச்ச மாதிரி. ஒண்ணுல பின்னங்கழுத்து, அந்த மச்சத்தோட. ஒண்ணுல பாதம், போர்வைக்கு வெளிய நீட்டிக்கிட்டு. ஒண்ணுல மூடின கண்ணு, ரெப்பை மட்டும். எல்லாம் அவனுதுதான். தூக்கி வளத்தவனுக்குத் தெரியாதா? ஆனா முழுசா ஒண்ணு கூட இல்ல. எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'ஏம்மா, உக்காந்ததுதான் உக்காந்தான், மூஞ்சிய ஒழுங்கா வரையக்கூடாதா? காதுக்கு மாலை போட முடியுமா?'ன்னேன்.

அது சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, பாத்தா கண்ணுல தண்ணி கொட்டுது. கரித்தூள் பட்டுடுச்சு போல. கையெல்லாம் கரியை வெச்சுக்கிட்டு கண்ணைத் தேச்சா அப்படித்தான்.

'முழுசா ஒண்ணே ஒண்ணு இருக்கு. கடையில மாட்டியிருக்காங்க'ன்னுச்சு. எந்தக் கடைன்னேன். அதும் நவாஸும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. 'ஒரு டெய்லர் கடை, அப்பா. சாயங்காலந்தான் தொறப்பாங்க. நானும் வந்துடுறேன்'னுச்சு.

அது வரைக்கும் என்ன பண்றது? நவாஸு என்னை ஒரு தெருவுக்குக் கூட்டிட்டுப் போனான். அந்தத் தெரு முழுக்கத் தின்றதுதான், வேற கடையே கிடையாது. இப்ப அவரை சீசனுங்களே, தெருவே அவரைக்காய் வாசம். பிதுக்குப் பருப்பு போட்டு தோசை, பிதுக்குப் பருப்பு போட்டு வடை, வறுத்துப் பொட்டலம் கட்டினது வேற. உங்களுக்குத் தெரியாது இல்ல? அவரைக் கொட்டையை ஊற வெச்சு, ஒண்ணொண்ணா வெரல்ல பிதுக்கினா தோலு கைல நின்னுடும், பருப்பு துள்ளி விழும். பொறுமை வேணும். அலமேலு மடியில முறத்தை வெச்சுக்கிட்டு பிதுக்குவா. இவன் பக்கத்துல உக்காந்து ஒத்தாசை பண்றேன்னு என் மூஞ்சிக்கு நேரா பிதுக்கி விடுவான். அது வந்து பட்டுன்னு அடிக்கும். திட்டுவேன்.

தோசை வாங்கிக் குடுத்தான் நவாஸு. சாப்பிட்டேன். 'உப்பு கம்மியாப்பா?'ன்னு கேட்டேன். 'சரியா இருக்கு அங்கிள்'னான். வடை குடுத்தான், அதுலயும் உப்பு கம்மி. போளி குடுத்தான், சீனி கம்மி. ரோசாப்பூ ஜாமுல ஐஸ்கிரீம் போட்டு ஒண்ணு குடுத்தான், சில்லுன்னு இருந்துச்சு, அது மட்டும் தெரிஞ்சுது. பூவரசனை அவங்க அரசுன்னுதான் கூப்பிடுவாங்க. 'அரசு எங்க எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்து வாங்கிக் குடுப்பான் அங்கிள். ஒவ்வொரு வாயிக்கும் எங்கம்மா செய்றதுல பாதி கூட வராதுன்னு சொல்லி சாவடிப்பான்'னான். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான், சாவுன்னு சொல்லிட்டமேன்னு. நான் ஒண்ணும் நினைக்கல. கையைக் கழுவிக்கிட்டேன்.

சாயங்காலம் அந்த டெய்லர் கடை. அந்தப் பொண்ணும் வந்துடுச்சு. சின்னக் கடைதான். கண்ணாடிக்குள்ள ஒரு பொம்மை கோட்டு மாட்டிக்கிட்டு நிக்குது, பழைய தையல் மெஷின் ஒண்ணு, செவுத்தோரமா கம்பியில வரிசையா கோட்டு. கோட்டுப் போட்ட ஒருத்தரு கழுத்துல இஞ்ச் டேப்போட வந்து, 'அளவு எடுக்கணுங்களா சார்?'ங்குறாரு. 'எனக்கு எடுக்க வேணாம்'னேன். நவாஸு அவரு காதுல என்னமோ சொன்னான். அந்த ஆளு மூஞ்சி மாறிப் போச்சு. குனிஞ்சு கும்புட்டுட்டு, அந்தக் கோட்டு மாட்டின கம்பியையே தள்ளினாரு. அது கதவு, தம்பி! உள்ள போனா... பாரு! குடிக்கிற பாரு!

நான் என்னத்தச் சொல்ல. எங்க ஊர்ல பாருன்னா மறைக்கவா முடியும்? நாலு தெரு தாண்டி வாசம் வரும். எங்க ஊர்ல குடிக்கிறவன்தான் ஒளிஞ்சுக்குவான், இங்க கடையே ஒளிஞ்சுக்குது. உள்ள மங்கலா வெளக்கு, சோபா, ஆம்பளையும் பொம்பளையும் சமமா உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க, சத்தமே இல்ல. ஊத்திக் குடுக்கிற பசங்க அத்தனை பேரும் கோட்டு. கழுத்துல இஞ்ச் டேப்பு. அதான் அங்க யூனிஃபார்மாம்.

நவாஸைப் பாத்து, 'இங்க எதுக்குப்பா அவன் படம்?'ன்னேன். ஏன்னா என் பையனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. 'குடிக்கிற கடைப் பக்கம் உன்னைப் பாத்தேன், காலை ஒடிச்சுடுவேன்'னு சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். நானே எப்பவாச்சும் ஒரு குவார்ட்டர் சாப்பிட்டாலும் அவன் கண்ணுல படாமத்தான் சாப்பிடுவேன். அவனுக்குக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை.

மேனேஜர் வந்தாரு. மலையாளத்துக்காரரு, மேத்யூஸ்னு பேரு. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, 'ஒன்றரை வருஷம், தினமும் இதே எடத்துலதான் நின்னான். அவனைப் பாக்கறதுக்குன்னே ஆளுங்க வருவாங்க'ன்னாரு. தினமும்னா எப்படி, கம்பெனி வேலை இருக்குதே? சனி ஞாயிறுன்னு சொல்ல வந்திருப்பாரு, மலையாளத்துக்காரருல்ல, தமிழ் சரியா வரல. பொழுது போகாம லீவு நாள்ல வந்து நின்னிருப்பான், அவ்வளவுதான். நவாஸு என்னமோ சொல்ல வாயைத் தொறந்தான். அந்தப் பொண்ணு அவன் கையைப் புடிச்சு அமுத்திடுச்சு.

அப்பத்தான் படத்தைப் பாத்தேன். கல்லாவுக்குப் பின்னாடி, பாட்டிலுக்கெல்லாம் மேல மாட்டியிருந்துச்சு. இதோ இந்தப் படந்தான். பேப்பரை லேசா விலக்கறேன், பாருங்க. எப்படிச் சிரிக்கிறான் பாத்தீங்களா? கறுப்பாத்தான் இருக்கான், கரியில வரைஞ்சதுல. தெத்துப்பல்லு. இந்தக் கண்ணு ஓரத்துல ஒரு மடிப்பு விழும் அவனுக்கு, அதையும் விடல அந்தப் பொண்ணு. உசுரோட இருக்குறான்.

நெஞ்சுல ஒரே ஒரு இடி தம்பி. ஒண்ணே ஒண்ணு. பெத்த புள்ளைய இனிமே பாக்கவே முடியாதுன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி தெரியும், ஆனா தெரியல. அப்புறம் மறுபடியும் மரத்துப் போச்சு.

அந்த நேரத்துல என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? 'கோட்டு யாரும்மா ஒட்டினது? கழுத்துல ஜாயிண்டே தெரியலியே'ன்னு கேட்டேன்.

பவித்ரா, 'ஒட்டல அப்பா. அவன் போட்டிருந்தான்'னுச்சு.

பாருங்க, கோட்டு. கழுத்துல இஞ்ச் டேப்பு. நான் ஒட்டினதும் கோட்டு, அவன் போட்டிருந்ததும் கோட்டு. நான் பண்ணது தப்பில்லன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு தம்பி. எதுக்கு மறைக்கணும், இருந்துச்சு. அப்புறம் வெக்கமாயிடுச்சு.

மேத்யூஸ் ஒரு கிளாசைக் கொண்டாந்து வெச்சாரு. 'இது உங்க பையன் கண்டுபுடிச்சது. எங்ககிட்ட ரொம்ப ஓடுறது இதுதான்'னாரு. என்னன்னு கேட்டேன். அலமேலுன்னாரு. ஏங்க, பெத்தவ பேரை சரக்குக்கு வெப்பாங்களா? வெலை போட்ட மெனு அட்டையிலயே அப்படித்தான் அச்சடிச்சிருக்காங்க. அவ காதுல விழுந்தா தூக்குல தொங்கிடுவா. வேணாம்னு தள்ளி வெச்சேன். அந்தப் பொண்ணு, 'ஒரு வாய் குடிங்க அப்பா, அவனுக்காக'ன்னுச்சு. குடிச்சேன்.

வெல்லம், புளி, சுக்கு, ஏலக்காய். மாரியம்மன் திருவிழாவுக்கு அலமேலு கரைக்கிற பானகம் தம்பி. சரக்கு எங்கயோ அடியில இருந்துச்சு. சுக்கு அவ போடுற அதே அளவுக்குத் தொண்டையில காருச்சு. ஒரு மாசத்துக்கு மேல எனக்கு நாக்குல எதுவும் உறைக்கல, அது உறைச்சுது. முழுசாக் குடிச்சுட்டேன். இன்னொண்ணு கேட்டு அதையும் குடிச்சேன்.

படத்தை எறக்கி, தொடச்சு, பேப்பர் சுத்தி அவங்களே குடுத்தாங்க. அந்த எடம் செவுத்துல சதுரமா வெளுத்துப் போய்த் தெரிஞ்சுது. வாசலுக்கு வந்தப்புறம் அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி நின்னுச்சு. 'என்னம்மா?'ன்னேன். 'பையில அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்குமே, அதை எனக்குத் தரீங்களா?'ன்னுச்சு. 'தொவைக்காத சட்டைம்மா, அவன் வேர்வை நாத்தம் அடிக்குது'ன்னேன். 'பரவாயில்ல, தொவைக்க வேணாம்'னுச்சு. பிரஷ்ஷு கிரஷ்ஷு தொடைக்கக் கேக்குது போல, பழந்துணி நல்லா உறிஞ்சும்ல. எடுத்துக் குடுத்தேன். இவ்வளவு பெரிய படத்தைக் குடுத்த பொண்ணு, ஒரு சட்டைக்கு நான் கணக்கு பாக்கணுமா? அதை நெஞ்சோட வெச்சுக்கிட்டு போச்சு, ரோட்டைக் கூட சரியாப் பாக்காம. நவாஸு ஓடிப் போய் ரோடு தாண்டி விட்டுட்டு வந்தான். நல்ல பொண்ணு. எவன் குடுத்து வெச்சவனோ.

அப்புறம் அவன் கட்டில்லயே படுத்துத் தூங்கினேன். நல்லாத்தான் தூங்கினேன்.

ஆனா இப்ப ஒரு சிக்கல் தம்பி. நீங்க படிச்சவரு, சொல்லுங்க. இந்தப் படத்தை அப்படியே கொண்டு போய்க் குடுத்தேன்னு வைங்க. கோட்டைப் பாத்த உடனே, மறுபடியும் ஒட்டிட்டு வந்துட்டேன்னுதான் சொல்லுவா. மூஞ்சி அவனுதுதான்டின்னா, மூஞ்சி எப்பவும் அவனுதுதானே, ஒடம்பு எவனுதும்பா. இல்லடி, நெசமாவே போட்டிருந்தான்னு சொன்னா எங்க போட்டிருந்தான்னு கேப்பா. எங்கன்னு சொல்லுவேன்? லீவு நாள்ல பார்ல ஊத்திக் குடுத்தான்னு சொல்லவா? உன் பேர்ல சரக்கு ஓடுதுன்னு சொல்லவா? எம்புள்ள கம்பெனியில வேலை பாக்குறான்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சவ அவ. இனி அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். படையல் போடணும். படையல் போடலன்னா அவ பொழைக்க மாட்டா தம்பி, அதை நான் யார்கிட்டயும் சொல்லல. அவ எலையைப் போட்டு, சோத்தைப் போட்டு, 'வந்து சாப்பிடுடா'ன்னு வாயால ஒரு வாட்டி கூப்பிடணும். கூப்பிட்டு அழணும். அவளும் இன்னும் அழல.

இருங்க, போன் அடிக்குது. வீட்டுலதான். இதைக் கொஞ்சம் புடிங்க, கண்ணாடி, பாத்து.

சொல்லு... ம், பஸ்ஸுலதான். தர்மபுரி இன்னும் வரல... கெடைச்சுது... ஆமா. அவனேதான்... நான் ஒண்ணும் பண்ணல, கையால வரைஞ்சது, சத்தியமா... சிரிக்கிறான்... தெரியுது, தெத்துப்பல்லு நல்லாத் தெரியுது... கறுப்பாத்தான் இருக்கான்...

என்னது?

சட்டையா... கட்டம் போட்ட சட்டை... ஆமா, அந்த நீலந்தான்... ம்... ம்... எது? மேல இருந்து ரெண்டாவதா... இரு பாக்கறேன்... ம், தெரியுது. தெரியுது அலமேலு. கறுப்பு நூலு தெரியுது...

அழாத. ஏய்... பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க, அழாதம்மா... சரி. அழு. அழு... என்னது? ஊறப் போடு. அவரை எவ்வளவு இருக்குதோ எல்லாத்தையும் ஊறப் போடு. நான் வந்து பிதுக்கறேன்... ம். வெக்கிறேன்.

குடுங்க தம்பி. கை வலிச்சிருக்கும் உங்களுக்கு.

கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. தீபாவளிக்கு வந்தப்ப அந்தச் சட்டையில ரெண்டாவது பித்தான் அறுந்து போச்சாம். வீட்டுல நீல நூலு இல்லாம கறுப்பு நூல்ல தெச்சுக் குடுத்தாளாம். 'பொறத்தியார் பாத்தா அசிங்கமாத் தெரியும்டா, கழட்டு, வேற நூலு வாங்கித் தெக்கிறேன்'னாளாம். 'இருக்கட்டும்மா'ன்னு போட்டுக்கிட்டுப் போயிட்டானாம். அந்தக் கறுப்பு நூலு தெரியுதான்னு கேக்குறா. சட்டை அந்தப் பொண்ணுகிட்ட இருக்குது. இனிமே போய்க் கேக்க முடியுமா?

போகிக்கு இன்னும் நாள் இருக்குது, அது வரைக்கும் படம் கடையிலயே இருக்கட்டும். வேலை ஒண்ணும் பெருசில்ல. ஸ்கேன் பண்ணி, கழுத்துக்குக் கீழ வெட்டிட்டு, கட்டச் சட்டை போட்ட ஒடம்பு ஒண்ணை ஒட்டி, கரியில வரைஞ்ச மாதிரி மாத்தி விட்டா முடிஞ்சுது. கோட்டுக்கு இருக்கற மாதிரி சட்டைக்கும் ஃபோல்டர் இருக்குது. கறுப்பு நூலுக்குத்தான் இல்ல. அதை நானே கையால வரையணும்.

எனக்கு வரையத் தெரியாது தம்பி.